நார்வேயை அடைச்சவன்

மழை அளவு பூராவும் எடுத்துக்கிடுங்க தம்பி. பதினாலு வருசம், கடைசியில ஒரு பதினாறு நாள் தவிர, ஒரு நாள் விடாம இருக்கு. உங்க குழுவோட பெரிய சைட்ல போடுங்க, காலேஜ் பிள்ளைகளுக்குக் குடுங்க, நான் குறுக்க நிக்கப்போறதில்ல. என் வீட்டுக்காரி பேரை மட்டும் ஒரு ஓரத்துல போட்ருங்க. உலகம்மை, ரிட்டயர்டு பூகோள டீச்சர், அம்பாசமுத்திரம். அது போதும். ஆனா, அதான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டோமே, இனி உங்க சர்வரை அணைச்சிரலாம் சார்னு சொன்னீங்க பாத்தீங்களா, அது மட்டும் நடக்காது. அது ஓடணும். அதே அட்ரஸ்ல ஓடணும். ஏன்னு கேக்கீங்க. காப்பியைக் குடிங்க, ஆறுது. சொல்லுதேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல முப்பத்தாறு வருசம் இருந்தவன். ஜே.இ.யா ரிட்டயர் ஆனேன். லைன் எங்க அறுந்து கெடக்குன்னு ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே சொல்லிருவேன், ஆளை அனுப்பித் தோண்டிப் பாத்தா அங்கதான் இருக்கும். அதனால உலகம்மை மொட்டை மாடியில மழைமானி வச்சு, தினம் எத்தனை மில்லிமீட்டர்னு ஒரு சைட்ல போடணும்னு ஆசைப்பட்டப்ப, வெளியாளைத் தேடல. நானே படிச்சேன். மாச வாடகைக்குச் சின்னதா ஒரு சர்வர். பாஸ்வேர்டு, பேக்கப், ஃபயர்வால் எல்லாம் என் பொறுப்பு. மழை அவ பொறுப்பு. காலையில எட்டரை மணிக்கு அவ மாடிக்குப் போவா, நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காருவேன். அவ என்ன எழுதுதான்னு நான் பாத்தது கிடையாது. எனக்கு லாக்தான். யார் வந்தான், எந்த அட்ரஸ்லேருந்து வந்தான், எந்தக் கதவைத் தட்டுனான், எல்லாம் வரிவரியா இருக்கும். பேப்பர் படிக்க மாதிரி படிப்பேன்.

எங்களுக்கு ஒரு பையன். நயினார். இருக்கான், நல்லா இருக்கான். பேச்சுவார்த்தை இல்ல. அவ்வளவுதான்.

அதையும் சொல்லிருதேன், இல்லேன்னா உங்களுக்கு விளங்காது. எங்க அக்கா மக பிரமநாயகி, பிரம்முன்னு கூப்பிடுவோம். அவளை அவனுக்குன்னு பிறந்தன்னைக்கே பேசி வச்சது. நிச்சயதாம்பூலம் மாத்தியாச்சு. மூணாம் நாள் வந்து நிக்கான், எனக்கு இதுல இஷ்டம் இல்லப்பா, சின்னப் பிள்ளையிலேருந்து தங்கச்சி மாதிரி வளந்துட்டோம்னு. அத மூணு நாளைக்கு முன்னால சொன்னா என்ன? எங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கூடத்துல வச்சு நாலு பேர் கேக்கச் சொன்னேன், இந்த வீட்ல உனக்கு இனி வேலை இல்லன்னு. போயிட்டான். அத்தோட விட்டிருக்கலாம். நான் கற்பூரத்தை ஏத்தி முருகன் படத்துக்கு முன்னால உலகம்மையை நிறுத்தி, அவன்கூட பேச மாட்டேன், அவனுக்கு எழுத மாட்டேன், அவன் பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினேன். நானும் பண்ணினேன், அவளை மட்டும் பண்ணச் சொல்லல. எதுலயும் நியாயம் வேணும்லா.

அவ அழல. கையை நீட்டிச் சத்தியம் பண்ணினா. ரெண்டு வருசம் கழிச்சுத்தான் இந்த மழைமானியை வாங்கினா.

பிரம்முவுக்கு அடுத்த தையிலேயே நல்ல இடமா அமைஞ்சிட்டு. ரெண்டு பிள்ளைக. அவளுக்கு அவன்மேல ஒரு வருத்தமும் கிடையாது, இன்னைக்கும் அத்தான் அத்தான்னு போன்ல பேசுதா. வருத்தமெல்லாம் எனக்குத்தான்.

சரி, விசயத்துக்கு வாறேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடி மாசம் எங்க சைட்ல திருடன் புகுந்துட்டான். கமெண்ட் போடுறதுக்குன்னு ஒரு புரோகிராம் வச்சிருந்தேன். அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு நாலு மாசமா அது கேட்டுக்கிட்டு இருந்தது. அப்புறம் பாப்போம்னு விட்டுட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கிடுதேன். நீங்க ஒத்துக்கிட்ட ஒரே தப்பு அதுதான்னு உலகம்மை இருந்தா சொல்லுவா. அந்த ஓட்டை வழியா உள்ள வந்து, மழை அளவு போடுற இடத்துல சூதாட்ட விளம்பரமா ஒட்டி வச்சிட்டுப் போயிட்டான். மச்சினன் தென்காசியிலேருந்து போன் போட்டுச் சிரிக்கான், என்னத்தான், மழையில ரம்மி ஆடுதீங்களாக்கும்னு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. முப்பத்தாறு வருசத்துல என் எக்ஸ்சேஞ்சுல ஒரு ஒட்டுக்கேப்பு நடந்தது கிடையாது தம்பி.

மூணு நாள் உக்காந்தேன். சர்வரைத் துடைச்சு எடுத்தேன். பழைய பேக்கப்பை ஏத்தி, பாஸ்வேர்டு எல்லாம் மாத்தி, வேண்டாத வாசல் ஒண்ணு விடாம அடைச்சேன். எல்லாம் முடிஞ்ச பிறகு, உள்ள இன்னும் என்ன குப்பை கெடக்குன்னு பாப்போம்னு கமெண்டுகளைத் திறந்தேன். பன்னெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் முதல் தடவை திறக்கேன்.

அங்க ஒருத்தன். பேர் எழுதுற இடத்துல வெறும் புள்ளி. கமெண்ட்ல வெறும் நம்பர். 22.4ன்னு ஒரு நாள். அடுத்த நாள் 8.6. அப்புறம் 0. அப்புறம் 31. வணக்கம் கிடையாது, வார்த்தை கிடையாது. தினம் நம்ம மணிக்கு மத்தியானம் பன்னெண்டரைக்கு டாண்ணு வந்திருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பத்து வருசத்துக்கு மேல! நீங்களே சொல்லுங்க, மனுசன் செய்யுற வேலையா இது? மிஷின் செய்யுற வேலை. எந்தக் கதவு பூட்டாம கெடக்குன்னு பாக்க இப்படித்தான் சும்மா எதையாவது போட்டுப் பாப்பாங்க. அட்ரஸைப் பாத்தா நார்வே. நமக்கு நார்வேயில யார் இருக்கா?

நீங்க பாக்க பார்வை எனக்குத் தெரியுது. அது மழை அளவுன்னு உங்களுக்குக் கேட்ட உடனே தட்டுப்பட்டிருச்சு. உங்களுக்கு அதே தொழில். எனக்கு எப்படித் தோணும்? நம்ம ஊர்ல அனல் அடிக்கிற மே மாசத்துல 31ன்னு இருந்தா நான் அதை மழைன்னு நினைப்பேனா? வேற ஊருன்னு ஒண்ணு இருக்கு, அங்கயும் பெய்யும்னு எனக்கு அப்ப நினைப்பு போகல. பையன் வெளிநாட்டுல இருக்கான்னு தெரியும். எந்த நாடுன்னு கேட்டதில்ல. கேட்டா பேசின மாதிரி ஆயிரும்லா.

அத்தனையையும் அழிச்சேன். மூவாயிரத்துச் சொச்சம் கமெண்டு. ஒரே கட்டளை, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிட்டு. பேக்கப்பானு கேக்காதீங்க. முப்பது நாளைக்கு மேல பழைய பேக்கப்பை நான் வச்சிக்கிட மாட்டேன், இடத்தை அடைக்கும்னு.

அந்த அட்ரஸை அடைச்சேன். மறுநாள் பன்னெண்டரைக்கு வேற ஒரு அட்ரஸ்லேருந்து வந்தது. அதே புள்ளி, 17.2. மனுசன்னா ஒரு தடவை விரட்டினா போயிருவான், இது திரும்பி வருது, அப்ப மிஷினேதான்னு முடிவு பண்ணிட்டேன். அந்த அட்ரஸ் வரிசை பூராவும் அடைச்சேன். மூணாம் நாள் வேற வரிசையிலேருந்து வருது. சவம் விடாது போலன்னு நார்வேயையே அடைச்சிட்டேன். ஒரு நாட்டை அடைக்க ஒரே ஒரு வரிதான் தம்பி. வாறவனுக்கு ஒரு பக்கம் காட்டும், அதுல நமக்கு வேணுங்கிறதை எழுதிக்கலாம். எல்லாரும் இங்கிலீஷ்ல அனுமதி இல்லன்னு வைப்பாங்க. நான் தமிழ்லயும் எழுதி வச்சேன். இந்த வீட்டில் உனக்கு வேலை இல்லை. சைட்டுன்னு எழுதாம வீடுன்னு ஏன் எழுதினேன்னு தெரியல. எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் வரும் போல.

அப்புறம் லாக் அமைதியாயிட்டு. அடைச்சவனோட வரியெல்லாம் தனி ஃபைலுக்குப் போற மாதிரி பண்ணிட்டேன், கண்ணுல படாம.

நாலஞ்சு நாள் கழிச்சு, கேந்திப்பூ கட்டிக்கிட்டு இருந்தவ தலையைத் தூக்காம கேட்டா, கமெண்டு ஒண்ணும் வரலியே, ஏதும் மாத்தினீங்களான்னு. நான் பெருமையாச் சொன்னேன், நார்வேக்காரன் ஒருத்தன் நம்பர் நம்பரா குப்பை போட்டுக்கிட்டு இருந்தான், சுத்தமா அடைச்சிட்டேன்னு. அவ கையில நூல் அப்படியே நின்னுட்டு.

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன கெடுதல்?"

அவ்வளவுதான் கேட்டா. எனக்கு வந்துச்சே கோவம். ஏட்டி, உனக்கு என்ன தெரியும், ஒரு ஓட்டை போதும், இன்னைக்கு நம்பர் போடுறவன் நாளைக்கு வீட்டையே எழுதி வாங்குவான்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். டீச்சருக்கே பாடம். பூராவும் கேட்டா. சரிங்கன்னு சொல்லிட்டுப் பூவைக் கட்டி முடிச்சா. நான் என்ன நினைச்சேன், நாம சொன்னது புரிஞ்சிட்டு போலன்னு நினைச்சேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. அது நம்ம பையன்னு ஒரு வார்த்தை. அவன் பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம், சரி, பேரைச் சொல்லாமச் சொல்லக் கூடாதா? சாமி கண்ணைக் குத்திருமா? நீங்க சொல்லுங்க. சொல்லியிருந்தா நான் திறந்து விட்டிருப்பேன். திறந்து விட்டிருப்பேன்னுதான் நினைக்கேன்.

அதுக்கப்புறமும் அவ தினம் எழுதினா. மழை பெய்ஞ்சாலும் பெய்யாட்டாலும் எட்டரைக்கு மாடி. போன ஐப்பசியில அவளுக்கு நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு. ரெண்டு படி ஏறினா இளைப்பு. என்னங்க, நீங்க போய் அளவைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் போடுதேன்னு கெஞ்சினா. அந்த மானியை அப்பதான் நான் முதல் தடவை கிட்டப்போய்ப் பாத்தேன், பிளாஸ்டிக் டம்ளர் கணக்கா இருந்துச்சு. போய்ப் போய்ப் பாத்துச் சொன்னேன். ஒரு நாள் சோம்பலா இருந்துச்சு. ஏறாமலேயே, இன்னைக்கு ஒண்ணுமில்லட்டி, பூஜ்யம் போடுன்னு சொல்லிட்டேன். அவ போட்டுட்டா. பத்து மணிக்குப் பால்காரர் வந்து, விடியக்காலையில என்ன சாத்து சாத்திட்டு பாத்தீங்களா டீச்சர்னு சொல்லிட்டுப் போறாரு. அவளுக்குக் காது மந்தம், எனக்குத் தூக்கம், ரெண்டு பேருக்கும் தெரியல. அவ அழுத அழுகை இருக்கே! கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ அப்படி அழுது நான் பாத்ததில்ல. பொய்யை எழுத வச்சிட்டீங்களே, பொய்யை எழுத வச்சிட்டீங்களேன்னு அதையே சொல்லுதா. ஒரு பூஜ்யத்துக்குப் போய் யாராவது அழுவாங்களான்னு எரிச்சலாப் போச்சு எனக்கு. மாடிக்கு ஏறிப் பாத்தேன், முப்பத்திநாலு. மாத்திப் போடச் சொன்னேன். போட்டா. போட்டுட்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தா.

தையில போயிட்டா. நயினாருக்குச் சொல்லி விடணுமான்னு அக்கா கேட்டா. நான் வாயைத் திறக்கல. வேண்டாம்னு சொல்லல, பாத்துக்கிடுங்க. வாயைத் திறக்கல, அவ்வளவுதான். நானே கொள்ளி வச்சேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பந்தியெல்லாம் எடுத்த பிறகு பிரம்மு வந்து பக்கத்துல உக்காந்தா. மாமா, ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாதுன்னா. கேளுன்னேன்.

"அத்தை கடைசி வரைக்கும் மழை எழுதினாங்களா மாமா? அத்தானுக்கு ஒன்றரை வருசமா அந்தப் பக்கம் திறக்கவே இல்லியாம். திறந்தா, இந்த வீட்டில் உனக்கு வேலை இல்லைன்னு வருதாம்."

எனக்கு முதல்ல ஒண்ணும் விளங்கல. அப்புறம் அவதான் சொன்னா. அவன் நார்வேயில பெர்கன்னு ஒரு ஊர்ல இருக்கானாம். வருசத்துல முக்காவாசி நாள் மழையாம். அத்தை எழுதுறதைப் பாத்துட்டு அவனும் ஜன்னல்ல ஒரு மானி வாங்கி வச்சு, தினம் வேலைக்குப் போறதுக்கு முன்னால அளந்து அம்மாவுக்குப் போடுவானாம். அம்மா பதில் எழுத மாட்டா, அவனுக்குத் தெரியும். ஆனா அவன் காய்ச்சல்ல படுத்து ரெண்டு நாள் போடாம விட்டப்ப, மூணாம் நாள் சைட்ல உலகம்மை என்ன எழுதியிருக்கா தெரியுமா? அம்பாசமுத்திரம் 0, வெளியூர் அளவுகள் வரவில்லைன்னு எழுதியிருக்கா. ஊருக்கு எழுதுற மாதிரி. அவ யாருக்கும் எழுதல. அவன்கூடப் பேசல. பேரைச் சொல்லல. மழை எழுதினா. எந்த வக்கீலை வச்சுப் பேசினாலும் அவதான் ஜெயிப்பா தம்பி. சத்தியத்தை மீறல என் பொண்டாட்டி.

எல்லாரும் போன பிறகு அந்தத் தனி ஃபைலைத் திறந்தேன். கமெண்டை அழிப்பேன், பேக்கப்பை அழிப்பேன், லாக்கை மட்டும் நான் அழிக்க மாட்டேன். நார்வே. பன்னெண்டரை. தினம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, ஒரு நாள் விடாம. ஐநூத்தி முப்பத்திமூணு தடவை. ஐநூத்தி முப்பத்திமூணு தடவையும் என் சர்வர் அதே வாக்கியத்தை அவன் முகத்துல எறிஞ்சிருக்கு. கடைசி நாள், பிரம்மு அவனுக்குப் போன்ல அம்மா போயிட்டான்னு சொன்ன நாள். அன்னைக்கு மட்டும் பதினோரு தடவை வந்திருக்கான். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க, பத்து நிமிசத்துக்கு ஒருக்க. கடைசியா அவ எழுதினதைப் பாக்கணும்னு வந்திருப்பான் என் பிள்ளை. அத்தோட சரி. அதுக்கப்புறம் நார்வேன்னு ஒரு வரிகூட இல்ல.

நான் செஞ்சேன் தம்பி. வேற யாரும் செய்யல. எந்தத் திருடனும் செய்யல.

அன்னைக்கே திறந்து விட்டேன். ஒரு வரியை அழிச்சா போதும், அழிச்சேன். இப்ப எட்டு மாசம் ஆகுது. தினம் எட்டரைக்கு நானே மாடிக்குப் போறேன், அளக்கேன், போடுதேன். ஒரு நாளும் பூஜ்யத்தைக் கீழ இருந்து போட்டதில்ல. பன்னெண்டரைக்கு லாக் முன்னால உக்காருவேன். அப்டேட் எல்லாம் அன்னன்னைக்கு. கரண்ட் போனாலும் சர்வர் எங்கயோ இருக்கு, அது நிக்காது, இருந்தாலும் கரண்ட் போனா உடனே போன்ல சைட்டைத் திறந்து பாத்துக்கிடுவேன். ரெண்டு தடவை நார்வேன்னு வந்தது. முதல் தடவை ஏதோ கம்பெனியோட தேடுற புரோகிராம். ரெண்டாவது பாஸ்வேர்டு அடிச்சு அடிச்சுப் பாக்கிற நிசமான திருட்டு மூதி. இவ்வளவு பேசுறேன், அவனை அடைச்சிருக்கணும்லா? அடைக்கல. நார்வேன்னு போட்டிருந்துச்சு, கை வரல.

இப்பச் சொல்லுங்க, சர்வரை எப்படி அணைப்பேன்? உங்க சைட்டுக்கு மாத்திட்டா அவன் பழைய அட்ரஸுக்கு வந்து நிப்பான், அங்க ஒண்ணும் இருக்காது.

என்ன கேட்டீங்க?

இல்ல, கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. திறந்துட்டீங்கன்னு அவருக்கு எப்படி சார் தெரியும்னு கேக்கீங்க.

அது... லாக்ல தெரியும். எனக்குத் தெரியும். அவனுக்கு... அவன் வந்து தட்டினாத்தான் தெரியும். ஆமா. வெளிய நிக்கவனுக்குப் பூட்டின கதவும் சும்மா சாத்தின கதவும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஐநூத்தி முப்பத்திமூணு தடவை வேலை இல்லைன்னு படிச்சவன் இன்னொரு தடவை எதுக்கு வந்து தட்டப்போறான்? அதுவும் அவ இல்லாத வீட்டுல?

எட்டு மாசமா எனக்கு இது தோணல தம்பி. லைன் எங்க அறுந்திருக்குன்னு உக்காந்த இடத்துலேருந்து சொல்லுறவன் நான்.

நம்பர் இருக்கு. பிரம்மு அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போனா. கூப்பிடுங்க மாமான்னா. எப்படிக் கூப்பிட? அவ அந்தச் சத்தியத்தைக் காப்பாத்திக்கிட்டுப் போய்ச் சேந்திருக்கா. நான் மட்டும் போனை எடுத்துப் பேசினா, அவ பட்டதெல்லாம் எதுக்குன்னு ஆயிராதா? இல்ல, அதுவும் இல்ல. எனக்குப் பயம் தம்பி. அவன் எடுத்து, யாருன்னு கேட்டுட்டான்னா?

நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க. நீங்க மழைக்காரங்க. உங்க குழுவிலேருந்து கேக்குற மாதிரி அவனுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அம்பாசமுத்திரம் மழை சைட்டு உங்க ஊர்ல திறக்குதா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு. அவ்வளவு போதும். நம்பரை எழுதிக்கிடுங்க. பூஜ்யம் பூஜ்யம் நாலு ஏழு, ஒன்பது... கண்ணாடி வேண்டாம், தாளும் வேண்டாம், எனக்கு மனப்பாடம்தான், எழுதுங்க.

எழுதிட்டீங்களா? நான் சொல்லித்தான் கேக்கீங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க.

அவனாக் கேட்டா சொல்லுங்க.